சுண்ணாம்பு யாருக்கு வேண்டும்? திரிங்காப் மண்ணில் கால்சியம் பாடம்



"மண் அமிலமா இருந்தா சுண்ணாம்பு போடணும்." வேதியியலில் நடுநிலையாக்கம் படிக்கும்போதும், உயிரியலில் தாவர ஊட்டச்சத்து படிக்கும்போதும் இந்த ஒரு கருத்து வந்துவிடும். தேர்வில் எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் போனால் பாதி உண்மைதான் கையில் இருக்கும்.

பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் வழியாகத் திரிங்காப், கோல தெர்லா, கம்போங் ராஜா என்று போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். சுங்கை பாலாஸ் பக்கம் தேயிலை. திரிங்காப் வந்தால் முட்டைக்கோஸ், தக்காளி, சாலட் கீரை, பூக்கள். இன்னும் மேலே புளூ வேலியில் மறுபடியும் தேயிலை. மலை ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். இருந்தாலும் காய்கறிக்காரர் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு இறக்குகிறார். தேயிலைத் தோட்டத்தில் அதே சுண்ணாம்பைக் கண்டபடி கொட்டினால் செடி வெளுத்துப் போகும். தோட்ட வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டுத் தக்காளியும் மிளகாயும் வளர்க்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுக்கு இது மதிப்பெண் விஷயம் மட்டுமல்ல. எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டால் உரக் காசும் போகும், காயும் போகும்.

முதலில், இந்த மண் ஏன் அமிலமாக இருக்கிறது?

கேமரன் மலை தித்திவாங்சா மலைத்தொடரில் இருக்கிறது. அடியில் இருப்பது பெரும்பாலும் கருங்கல், அதாவது கிரானைட். கிரானைட்டில் கால்சியம் குறைவு. அது சிதைந்து உண்டாகும் மண்ணிலும் குறைவுதான். அதன்மேல் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும். அதில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் போன்ற நேர்மின் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மழைநீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடும், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் அமிலங்களும் ஹைட்ரஜன் அயனிகளைக் கொண்டுவந்து அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன. இடம் இழந்த கால்சியம் தண்ணீரோடு கீழே இறங்கி ஆற்றுக்குப் போய்விடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இதே கதைதான். கடைசியில் மண்ணில் மிஞ்சுவது ஹைட்ரஜனும் அலுமினியமும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு மலைச்சாலையில் இறங்கினால் ஈப்போ பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் நிற்கும். குவாரிகளும் அங்கேயே இருக்கின்றன. மேலே கால்சியம் இல்லாத கிரானைட், கீழே முழுக் குன்றே கால்சியம் கார்பனேட். மலைக்காரனுக்கு இல்லாததை லோரி ஏற்றிக் கொண்டுவருகிற தூரத்தில் இயற்கை வைத்திருக்கிறது. புவியியல் ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து பயணம் போக இதைவிட நல்ல பாதை கிடைக்காது.

இப்போது தேயிலை. இது அமில மண்ணையே விரும்பும் செடி. பிஎச் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நன்றாக வளரும். மண்ணின் பிஎச் 5-க்குக் கீழே இறங்கும்போது அலுமினியம் கரைந்து அயனியாக வெளிவரும். மற்றப் பயிர்களின் வேர் நுனியை அது சிதைத்துவிடும். வேர் குட்டையாகித் தடித்துப் போனால் தண்ணீரும் எடுக்க முடியாது, சத்தும் எடுக்க முடியாது. தேயிலையோ அந்த அலுமினியத்தை உள்ளே இழுத்து இலைகளில் சேர்த்துவைத்துக்கொள்ளும். முதிர்ந்த இலையின் உலர் எடையில் கிலோவுக்குப் பல ஆயிரம் மில்லிகிராம் அலுமினியம் இருப்பது தேயிலைக்குச் சாதாரணம். நாம் கிள்ளும் கொழுந்தில் அதைவிட மிகக் குறைவு. இப்படிப்பட்ட செடிக்குச் சுண்ணாம்பை அள்ளிப் போட்டுப் பிஎச்சை 6-க்கு மேல் ஏற்றினால் இரும்பும் மாங்கனீசும் கரையாமல் போகும், இளம் இலை மஞ்சளாகும்.

அப்படியென்றால் தேயிலைக்குச் சுண்ணாம்பே ஆகாதா? அதுவும் சரியில்லை. அமோனியம் சல்பேட், யூரியா போன்ற நைட்ரஜன் உரங்களை ஆண்டுக்கணக்கில் போட்டால், மண்ணிலுள்ள பாக்டீரியா அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும்போது ஹைட்ரஜன் அயனிகள் வெளிவரும். மண் 4.5-க்கும் கீழே இறங்கிவிடும். அந்த நிலை தேயிலைக்கும் அதிகம். அதனால்தான் இலங்கையிலும் தமிழ்நாட்டின் வால்பாறை, நீலகிரி தோட்டங்களிலும் மண்ணைப் பரிசோதித்து, கவாத்து வெட்டும் காலத்தை ஒட்டி அளவாக டோலமைட் போடும் வழக்கம் இருக்கிறது. அங்கே நோக்கம் மண்ணை நடுநிலையாக்குவது அல்ல. தேயிலைக்குப் பிடித்த அமிலத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான்.

காய்கறி வேறு. முட்டைக்கோஸ், தக்காளி, சாலட் எல்லாம் 6-லிருந்து 6.8 வரை கேட்கும். 4.5 எங்கே, 6.5 எங்கே? பிஎச் அளவு மடக்கை அளவு என்பதை மாணவர்கள் மறந்துவிடுவார்கள். இரண்டு எண் வித்தியாசம் என்றால் ஹைட்ரஜன் அயனிச் செறிவில் 100 மடங்கு வித்தியாசம். முட்டைக்கோஸ் குடும்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேரை முண்டு முண்டாக வீங்கவைக்கும் ஒரு நோய் அமில மண்ணில்தான் கொட்டம் அடிக்கும். பிஎச்சை 7-ஐ ஒட்டி ஏற்றினால் அது அடங்கும். அதனால் கோஸ் போடுகிறவர் மற்றவரைவிடக் கூடுதலாகச் சுண்ணாம்பு போடுவார். அதே பாத்தியில் அடுத்து ஸ்ட்ராபெரியோ உருளைக்கிழங்கோ நட்டால் அந்தக் கூடுதல் சுண்ணாம்பே தொல்லையாகும். இவை இலேசான அமிலத்தை விரும்புகிறவை. கிழங்கின் தோலில் சொறி விழுவதும் பிஎச் ஏறிய மண்ணில்தான் அதிகம்.

சரி, சுண்ணாம்பு போட்டாச்சு, மண்ணில் கால்சியம் இருக்கு. அப்புறமும் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுதே, ஏன்?

இந்தக் கேள்வியைத்தான் வகுப்பில் கட்டாயம் எடுக்கவேண்டும் என்பேன். ஏனென்றால் விடை ஊட்டச்சத்துப் பாடத்தில் இல்லை, தாவரப் போக்குவரத்துப் பாடத்தில் இருக்கிறது.

கால்சியம் வேரிலிருந்து சைலக் குழாய் வழியாகத் தண்ணீரோடு மேலே போகிறது. நீராவிப்போக்கு எங்கே அதிகமோ அங்கே தண்ணீர் அதிகம் போகும், கால்சியமும் அங்கேதான் போகும். பெரிய வெளி இலைகள் நிறைய நீராவி விடும், அதனால் அவை வயிறு நிறையச் சாப்பிட்டுவிடும். தக்காளிக் காயின் தோல் மெழுகுபோல வழவழப்பானது, நீராவி அதிகம் விடாது. சாலட், முட்டைக்கோஸ் ஆகியவற்றின் உள் இலைகள் சுருண்டு மூடிக் கிடக்கும், அவையும் விடாது. ஆகவே அங்கே கால்சியம் போய்ச் சேருவதில்லை. போன கால்சியமும் ஒருமுறை இலையில் அமர்ந்துவிட்டால் புளோயம் வழியாகத் திரும்பி வேறிடம் போகாது. கால்சியம் செல்சுவர்களை ஒட்டவைக்கும் நடுத்தகட்டில் பெக்டினோடு சேர்ந்து நிற்கிற சத்து. அது குறைந்தால் செல்கள் பிடிவிட்டு இடிந்துபோகும். தக்காளியில் அது அடி அழுகலாகவும் சாலட்டில் உள் இலை ஓரக் கருகலாகவும் தெரியும். கோஸ் வெளியே பார்த்தால் அழகாக இருக்கும், வெட்டினால் உள்ளே பழுப்பு.

மலையில் மூடுபனி அடர்ந்து நிற்கிற நாட்களில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். நீராவிப்போக்கு குறையும். மண்ணில் கால்சியம் எவ்வளவு இருந்தாலும் மேலே ஏறுவது மெதுவாகும். அடுத்து ஒருநாள் பளிச்சென்று வெயில் அடித்தால் பெரிய இலைகள் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும், காய்க்குப் பங்கு கிடைக்காது. ஒருநாள் தண்ணீர் விட்டு மூன்று நாள் காயவிட்டாலும் இதே நிலைதான். அதனால் அடி அழுகல் கண்டவுடன் இன்னொரு மூட்டை சுண்ணாம்பு வாங்க ஓடுவதில் அர்த்தமில்லை. பிஎச் சரியாக இருக்கும் மண்ணில் முதலில் பார்க்கவேண்டியது தண்ணீர் சீராகப் போகிறதா என்பதுதான். இலைமேல் தெளிக்கும் கால்சியம் போத்தல்களும் கடையில் கிடைக்கும். இலையில் விழுந்தது இலையிலேயே நின்றுவிடும், காய்க்கு இறங்காது. காய்மேலேயே பட்டால் கொஞ்சம் பலன் உண்டு.

மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை: விடியற்காலையில் தக்காளி அல்லது ஸ்ட்ராபெரி இலையின் ஓரத்தைப் பாருங்கள். முத்து முத்தாக நீர்த்துளிகள் நிற்கும். எல்லாமே பனி அல்ல. இரவில் நீராவிப்போக்கு அடங்கியிருக்கும்போது வேர் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளி இலை ஓரத்தில் துளியாக வெளிவிடுகிறது. இந்த இரவு நேரத் தள்ளல்தான் சுருண்ட உள் இலைக்கும் காய்க்கும் கால்சியத்தைக் கொண்டுபோகிறது. மாலையில் மண் காய்ந்து கிடந்தால் அந்த வாய்ப்பும் போச்சு.

அடுத்து, 'சமநிலை' என்ற சொல். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், அமோனியம் எல்லாம் நேர்மின் அயனிகள். வேரின் வாசலில் ஒன்றோடொன்று முட்டிமோதும். பொட்டாசியம் உரத்தை அளவுக்குமேல் போட்டால் மெக்னீசியமும் கால்சியமும் உள்ளே போவது குறையும். அமோனியம் அதிகமானாலும் அப்படியே. காய் பெருக்கவேண்டும் என்று பொட்டாஷைக் கொட்டியவர் தோட்டத்தில் முதிர்ந்த இலைகள் நரம்பிடை மஞ்சளாகிப் பார்த்தால், மண்ணில் மெக்னீசியம் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இருந்தும் உள்ளே போக வழியில்லாமல் இருக்கலாம்.

எந்தச் சத்துக் குறை என்று இலையைப் பார்த்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறது, தேர்விலும் கை கொடுக்கும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். ஆகவே அறிகுறி கீழ் இலையில் முதலில் தெரியும். கால்சியம், போரான், இரும்பு நகராதவை. அறிகுறி குருத்திலும் இளம் இலையிலும் வரும். மெக்னீசியக் குறைக்கும் இரும்புக் குறைக்கும் நரம்பிடை மஞ்சள்தான் அடையாளம். கீழ் இலையா, மேல் இலையா என்று பார்த்தால்தான் எதுவென்று பிரித்துச் சொல்லமுடியும்.

இந்த அயனிகளுக்குள் ஒரு 'சரியான விகிதம்' உண்டா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அமெரிக்காவில் நியூஜெர்சியில் ஃபிர்மன் பேர் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1940-களில் ஒரு கணக்குச் சொன்னார்கள். மண்ணின் அயனி இடங்களில் 65 விழுக்காடு கால்சியம், 10 மெக்னீசியம், 5 பொட்டாசியம், மீதி 20 ஹைட்ரஜன். மிசூரியின் வில்லியம் ஆல்பிரெக்டும் இதே வழியில் நிறைய எழுதினார். இன்றும் தோட்டக்கலைப் புத்தகங்கள் பலவற்றில் இந்த எண்களைப் பார்க்கலாம். ஆனால் 2007-இல் ஆஸ்திரேலியாவின் பீட்டர் கொப்பிட்கே, நீல் மென்சிஸ் இருவரும் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, அப்படியொரு பொன்னான விகிதத்துக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். ஒவ்வொரு சத்தும் போதுமான அளவு இருந்து, ஒன்று மற்றதை நசுக்காமல் இருந்தால் விகிதம் பெரிதும் மாறினாலும் பயிர் நன்றாகவே வளர்கிறது. எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது. தேயிலையும் கோஸும் ஒரே மலையில் செழிக்கும்போது, மண்ணுக்கென்று ஒரே சமநிலை எப்படி இருக்கும்? பயிரைச் சொல்லுங்கள், அப்புறம் சமநிலையைச் சொல்லலாம்.

இனி எதைப் போடுவது? நம் நாட்டில் விவசாயக் கடைகளில் ஜிஎம்எல் என்று கேட்டால் கிடைப்பது மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள். கால்சியம், மெக்னீசியம் இரண்டும் கிடைக்கும், பிஎச்சும் ஏறும். கிரானைட் மண்ணுக்குப் பொருத்தமானது. ஏற்கெனவே மெக்னீசியம் நிறைய இருக்கும் மண்ணில் வெறும் கால்சியம் கார்பனேட் போதும். பிஎச் ஏறக்கூடாது, கால்சியம் மட்டும் வேண்டும் என்றால் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். இதைத் தேர்வில் தவறவிடுகிறவர்கள் அதிகம். பிஎச்சை ஏற்றுவது கால்சியம் அல்ல, அதோடு வரும் கார்பனேட்தான். கார்பனேட் ஹைட்ரஜன் அயனியோடு வினைபுரிந்து தண்ணீரும் கார்பன் டைஆக்சைடும் ஆகிறது. சல்பேட் அப்படிச் செய்யாது.

முட்டை ஓடும் கால்சியம் கார்பனேட்தான், ஏறக்குறைய 95 விழுக்காடு. ஆனால் கையால் நொறுக்கிப் போட்டால் வருஷம் கழித்தும் அப்படியே கிடக்கும். மாவாக அரைத்தால்தான் மேற்பரப்பு கூடி வினை நடக்கும். வினைவேகப் பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. கோழி எருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டைக்கோழிக்குத் தீனியிலேயே சுண்ணாம்புத் தூள் கலப்பார்கள், அதனால் அதன் எருவில் கால்சியம் கணிசமாக இருக்கும். பாஸ்பரசும் உண்டு. போகத்துக்குப் போகம் கோழி எரு போடுகிறவர் தம்மை அறியாமலே சுண்ணாம்பும் போட்டுக்கொண்டிருக்கிறார். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வளர்க்கும் பாத்தியில் மழை விழாது, கழுவிப் போகாது. போட்டதெல்லாம் அங்கேயே தங்கி உப்பாகச் சேரும். திறந்த வயலில் சுண்ணாம்பு குறைகிறதென்றால், கூரைக்குள் பிஎச்சும் உப்பும் ஏறியிருக்கலாம். ஒரே தோட்டத்தில் இரண்டு இடத்து மண்ணையும் தனித்தனியாகப் பரிசோதிக்கவேண்டும் என்பது இதனால்தான். மண் பரிசோதனைக்கு விவசாய இலாகாவை அணுகலாம்.

சுண்ணாம்பையும் அமோனியம் உரத்தையும், அல்லது பச்சைக் கோழி எருவையும் ஒரே நாளில் கலந்து போடாதீர்கள். காரமும் அமோனியம் உப்பும் சேர்ந்தால் அமோனியா வாயு. வகுப்பில் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும் அதே வாயுதான் தோட்டத்தில் நைட்ரஜனைத் தூக்கிக்கொண்டு காற்றில் போகிறது. முதலில் சுண்ணாம்பு, சில வாரம் கழித்து உரம்.

எவ்வளவு போடுவது என்பதைப் பள்ளியிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 15 செண்டிமீட்டர் ஆழ மண் ஏறக்குறைய 20 லட்சம் கிலோ. ஆகவே ஒரு கிலோ மண்ணுக்கு ஒரு கிராம் என்றால் ஹெக்டேருக்கு 2 டன், சதுர மீட்டருக்கு 200 கிராம். 1.2 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளப் பாத்திக்கு 2.4 கிலோ.

ஐந்து பூந்தொட்டி எடுங்கள். சலித்த, நிழலில் காய்ந்த மண் தொட்டிக்கு 2 கிலோ. சுண்ணாம்புத் தூள் 0, 2, 4, 6, 8 கிராம். சமையலறைத் தராசே போதும். நன்றாகக் கலந்து, சொதசொதவென்று இல்லாமல் ஈரமாக வைத்து நாலு வாரம் விடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் 10 கிராம் மண்ணைக் காய வைத்து, 25 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, அரைமணி நேரம் தெளியவிட்டுப் பிஎச் பாருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் பிஎச்சும் சேர்ந்து குழப்பும். சுண்ணாம்பின் எடையைக் கிடையச்சிலும் பிஎச்சைச் செங்குத்தச்சிலும் வைத்து வரைபடம் போடுங்கள். பிஎச் 6.2-ஐத் தொடும் இடத்தில் கீழே இறங்கினால் உங்கள் மண்ணுக்கு வேண்டிய அளவு கிடைக்கும். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்பாட்டு மாறி மூன்றையும் மாணவரே சொல்லட்டும்.

தேயிலை வரிசைக்கு அருகிலிருந்து எடுத்த மண்ணையும் பழைய காய்கறிப் பாத்தி மண்ணையும் வைத்து இரண்டு தொகுதியாகச் செய்தால் இன்னும் நல்லது. இரண்டு கோடும் ஒரே சாய்வில் வராது. மட்கும் களியும் அதிகமுள்ள மண்ணில் கோடு படுத்துக் கிடக்கும். துகள்களில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனும் அலுமினியமும் கரைசலுக்குள் வந்துகொண்டே இருப்பதால், ஒரே பிஎச்சை எட்ட அந்த மண் கூடுதல் சுண்ணாம்பு கேட்கும். "தொடக்கத்தில் இரண்டு மண்ணும் பிஎச் 5-தான் காட்டின, பிறகு ஏன் ஒன்றுக்கு இரண்டு மடங்கு சுண்ணாம்பு தேவைப்பட்டது?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். லிட்மஸ் தாளும் பிஎச் தாளும் கரைசலில் இருக்கும் அமிலத்தை மட்டும் காட்டும், துகளில் ஒட்டியிருப்பதைக் காட்டாது என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால், அந்தத் தொட்டிகளில் ஒன்றில் தக்காளியும் சுண்ணாம்பு போடாத தொட்டியில் ஒரு தேயிலைக் கன்றும் நட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம்.